கள்ளிப்பழச் சிவப்பு

சப்பாத்திக் கள்ளிப் பழம் தின்றால் மறுநாள் ஒன்றுக்குப் போவது சிவப்பாக இருக்கும். கடலூர்க் கடற்கரைப் பக்கம் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்து அழுதிருப்பார்கள், அம்மாவிடம் இரண்டு அடி வாங்கியிருப்பார்கள், அப்புறம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பழத்தைக் கொடுத்துப் பயமுறுத்தியிருப்பார்கள். இப்படி ஊருக்கே தெரிந்த ஒரு சங்கதியை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தன் மூத்திரத்தில் வந்த ரத்தத்தை முக்கால் வருஷம் மறைத்தார். நான் செய்த ஜெல்லியைக் காட்டி மறைத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அவர் பஸ் கண்டக்டர். கடலூர், சிதம்பரம் வழித்தடம். வீட்டிலும் கண்டக்டர்தான். சோறு போட வந்தால் "கொஞ்சம் உள்ள தள்ளிப் போம்மா" என்பார். மகள் வாசலில் நின்றால் "படியில நிக்காத" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இனிப்பு என்றால் முகம் சுளிப்பார், டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போனால் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம் ஆவணி மாசத்தில் ஒருநாள், டூட்டி முடிந்து வரும்போது, ஒரு பழைய பெயிண்ட் வாளி நிறையக் கள்ளிப்பழத்தோடு வந்து நின்றார்.

"இதுல ஜெல்லி பண்ண முடியுமா?"

"எதுல, இந்த முள்ளுலயா?"

"கொய்யாவுல பண்றல்ல, அந்த மாதிரி. இது நல்லா செவப்பா வரும்."

"இன்னா திடீர்னு? மசக்கையா ஒங்களுக்கு?"

சிரித்தார். வாளியைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றார். செய்கிறேன் என்று நான் சொல்லும்வரை நகரவில்லை.

கொய்யா ஜெல்லி நான் கான்வென்ட் போர்டிங்கில் கற்றது. சிஸ்டர்மார் கிறிஸ்துமஸுக்கு அண்டா அண்டாவாகச் செய்வார்கள், விறகு தள்ளுவதும் துணி பிழிவதும் எங்கள் வேலை. துணி பிழிவது என்று சொன்னேன், அது தப்பு. ஜெல்லிக்குத் துணியைப் பிழியவே கூடாது. வெந்த பழத்தைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தானாகச் சொட்டுகிற சாற்றைத்தான் எடுக்க வேண்டும். பிழிந்தால் கலங்கிப்போகும். இதற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணத்துக்கு அப்புறமும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செய்வேன். அக்கம்பக்கம் இந்து வீடு, முஸ்லிம் வீடு எல்லாவற்றுக்கும் கேக்கோடு ஒரு பாட்டில் போகும். அவர் மட்டும் தொடமாட்டார்.

கள்ளிப்பழத்தில் முதல்தடவை தோற்றுப் போனேன். நிறம் என்னவோ கண்ணைப் பறித்தது, ஆனால் உறையவே இல்லை. எத்தனை நேரம் காய்ச்சினாலும் நன்னாரி சர்பத் மாதிரியே ஓடியது. "பரவால்ல, தண்ணியில கலந்து குடிச்சிக்கிறேன்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தப் பழத்துக்குத் தனியாக உறைகிற குணம் இல்லை என்று புரிந்து, அடுத்ததடவை பாதிக்குப் பாதி செங்காய்க் கொய்யா சேர்த்தேன், எலுமிச்சம்பழம் இரண்டு கூடப் பிழிந்தேன். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் கடைசித் துளி விழாமல் விளிம்பில் தொங்கியது. அதுதான் பதம். பாட்டிலில் ஊற்றி ஆறவிட்டு, காலையில் கவிழ்த்துப் பார்த்தேன், அசையவில்லை. ஜன்னலில் வைத்தால் வெயில் பட்டு மேசையெல்லாம் சிவப்பு. அவர் பாட்டிலைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் செய்த ஒன்றை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. சொல்லவா வேண்டும், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் அவருக்கு லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்ததும் இரண்டுபேரும் பழம் பறிக்கப் போனோம். முதுநகரைத் தாண்டி, கடலை ஒட்டிப் போகிற மண்பாதையில் சவுக்குத் தோப்புகள் உண்டு. வேலிக்கென்று யாரோ எப்போதோ வைத்த கள்ளி, வேலியைத் தாண்டி மணல் முழுக்கப் படர்ந்து கிடக்கும். அவர் அடுப்பு இடுக்கியால் பழத்தைத் திருகி எடுப்பார், நான் வாளியைப் பிடிப்பேன். பெரிய முள் யார் கண்ணுக்கும் தெரியும், அதில் ஆபத்தில்லை. பழத்தின் மேல் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கிற சுணைதான் வில்லங்கம். பூனைமயிர் மாதிரி இருக்கும், விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, மூன்று நாள் உயிரை வாங்கும். பழத்தை மணலில் கொட்டிச் செருப்புக்காலால் உருட்டுவோம், வீட்டுக்கு வந்து கேஸ் அடுப்புத் தீயில் வாட்டித் தேங்காய் நாரால் தேய்ப்போம். உள்ளே நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு முள் இருக்கும், அதையும் கத்தி நுனியால் நெம்பி எடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும் எனக்குச் சுணை ஏறியது. அவர் பீடத்திலிருந்த மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, என் விரல்மேல் சொட்டுச் சொட்டாக மெழுகை விட்டு, ஆறினதும் உரித்து எடுத்தார். சுணையெல்லாம் மெழுகோடு வந்துவிட்டது. "வலிக்குதா?" என்று ஒவ்வொரு விரலுக்கும் கேட்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் என் கையை அத்தனை நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

மகள் அப்போது சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பாட்டிலைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த நாளே போன்.

"எம்மா, இன்னாத்தக் குடுத்தனுப்பின? ரூம்ல எல்லாருக்கும் செவப்பாப் போவுது. ஒருத்தி அழுதுகிட்டு டாக்டரு கிட்டயே போயிட்டா."

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அவர் போனை வாங்கினார். "பயப்படாதம்மா, அது பழத்தோட கலரு. எனக்கும் அப்பிடித்தான் போவுது" என்றார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் ஒரு கேலியாகிவிட்டது. கக்கூஸில் லேசாகச் சிவப்புக் கறை தெரிந்தால் "ராசா ரெண்டு கரண்டி ஜாஸ்தி சாப்ட்டாரா?" என்பேன். "ஆமாமா" என்பார். இட்லிக்கு ஜெல்லி, சப்பாத்திக்கு ஜெல்லி, சும்மா உட்கார்ந்திருந்தால் கரண்டியோடு ஜெல்லி. தின்றதும் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். இனிப்பு திகட்டுகிற மனுஷன் மருந்து விழுங்குகிற மாதிரி விழுங்கியிருக்கிறார், அது என் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? நான் செய்ததை ஒருத்தர் ஆசையாகத் தின்கிறார் என்ற பூரிப்பில் இருந்தேன்.

தை மாசத்தில் கொஞ்சம் இளைத்தார். டிரிப் அதிகம், தூக்கமில்லை என்றார். நானும் ஒத்துக்கொண்டேன்.

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் வந்தது. எங்கள் வீட்டில் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்ததும், பாஸ்கு என்கிற ஈஸ்டர் வரைக்கும் யார் எதை விடுவது என்று முடிவு செய்வோம். வெள்ளிக்கிழமை கறி இல்லாத சுத்தபோசனம், சிலுவைப்பாதை எல்லாம் எல்லாருக்கும் பொது. அதற்கு மேல் ஆளுக்கு ஒன்று, தனக்கு ரொம்பப் பிடித்ததை விட வேண்டும். நான் காப்பியை விட்டேன்.

"நீங்க ஜெல்லிய வுடணும்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அது எதுக்கு? நான் பீடிய வுடுறேன்."

"பீடிய வருசா வருசம் வுடுறீங்க, ரெண்டாவது வெள்ளிக்கெழமையே பத்த வச்சிடுறீங்க. அதெல்லாம் ஒறுத்தல் இல்ல. புடிச்சத வுட்டாத்தான் ஒறுத்தல்."

அவர் என்ன சொல்ல முடியும்? எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது என்று சொல்ல முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார். மீதமிருந்த நாலைந்து பாட்டிலை பீரோ மேல் ஏற்றி வைத்தேன். பாஸ்குவன்றுதான் இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வாரமோ என்னவோ, ஒருநாள் காலையில் கக்கூஸ் கழுவப் போனேன். பீங்கானில் சிவப்புக் கறை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பீரோ மேல் பார்த்தேன். ஒரு பாட்டில் பாதி காலி. சிரிப்புப் போய்க் கோபம் வந்தது. சாமிக்கு நேர்ந்துவிட்டதைத் திருடித் தின்பதா? ஐம்பது வயசு மனுஷன், மகள் கல்லூரியில் படிக்கிறாள், நாக்கை அடக்கத் தெரியவில்லையே. அவர் டூட்டியிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். வெட்கமில்லையா, நீங்கள் என்ன பிஞ்சுப் பிள்ளையா, உங்களைப் பார்த்து உங்கள் மகள் என்ன கற்றுக்கொள்வாள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"நாக்கு கேக்கல" என்றார்.

"பாவசங்கீர்த்தனத்துல போயிச் சொல்லுங்க. சாமியார் என்னா அபராதம் குடுக்குறாரோ வாங்கிக்குங்க."

"சரி" என்றார்.

போகவும் போனார். சனிக்கிழமை சாயங்காலம் கோவிலில் வரிசையில் நின்றார், நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முட்டி போட்டார், ஏதோ சொன்னார், எழுந்து வந்து பீடத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் ஜெபம் செய்தார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. செய்யாத பாவத்தைச் செய்ததாகச் சொன்னாரா, இல்லை செய்த பாவத்தையே சொன்னாரா? இன்றைக்கும் சில நேரம் பூசையில் உட்கார்ந்து இதைத்தான் யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகும் பாட்டில் குறைந்தது. கறையும் நிற்கவில்லை. நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். தவசு காலத்தில் புருஷனோடு இப்படி இருப்பதும் பாவம்தான், ஆனால் அவர் பாவத்துக்கு முன்னால் என் பாவம் சின்னது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் கொல்லையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கோழி பப்பாளி மரத்தடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. விரட்டப் போனால், மண்ணுக்குள்ளிருந்து சிவப்புச் சிவப்பாகக் கட்டி வெளியே கிடக்கிறது, அதன்மேல் கட்டெறும்பு மொய்க்கிறது. விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தேன். என் ஜெல்லி. கரண்டி கரண்டியாக வழித்துக் குழியில் போட்டு மண்ணை மூடியிருக்கிறார்.

எடுத்த எடுப்பில் வந்தது, அட பாவி மனுஷா, இதுக்கா நான் விரலெல்லாம் சுணை ஏத்திக்கிட்டேன் என்ற ஆத்திரம்தான். பெருக்கிக்கொண்டே இருந்தேன். பாதிக் கொல்லை பெருக்கின பிறகு கை நின்றது. தின்னவில்லை என்றால், கக்கூஸில் இருக்கிற சிவப்பு எங்கிருந்து வந்தது?

அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கோழி திரும்பி வந்து கிளற ஆரம்பித்தது, அதை நான் விரட்டவில்லை.

உடனே போய் அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள், நாலு கரண்டி தின்றேன், மிச்சத்தைத்தான் கொட்டினேன் என்பார். அதனால் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். பெரிய வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்தேன். அன்றைக்கு இரண்டுபேரும் ஒருசந்தி, மதியம் வெறும் கஞ்சி. கோவிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவர் கொல்லைப்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போய்க் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றேன்.

"தண்ணி ஊத்தாதீங்க" என்றேன்.

உள்ளே வாளியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"தண்ணி ஊத்தாம கதவத் தொறங்க."

"போம்மா நீ. கோவிலுக்கு நேரமாவுது."

"தொறக்கலன்னா சத்தம் போட்டுப் பக்கத்து வூட்டுக்காரங்களக் கூப்புடுவேன்."

தாழ்ப்பாள் விலகியது. அவர் என்னைப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றார், பஸ்ஸில் இறங்குகிறவருக்கு வழி விடுகிற மாதிரி. நான் பார்த்தேன். கழுவும்போது பார்த்த வெளிறின கறை இல்லை இது. சிவப்பு, அதில் கறுப்பாகத் துணுக்குத் துணுக்காக என்னமோ மிதந்தது.

"ஜெல்லி வூட்டுலயே இல்ல" என்றேன்.

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "பையெல்லாம் என்னால மாட்டிக்க முடியாது" என்றார்.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவருக்கும் இதே மாதிரி மூத்திரப்பையில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, வயிற்றில் ஓட்டை போட்டுப் பை மாட்டி அனுப்பினார்கள். அதோடு இரண்டு வருஷம் இருந்தார். ஒருநாள் அண்ணனும் அவர் பெண்சாதியும் செக்கப்புக்காகச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார்கள். தம்பி டூட்டியில் இருந்த பஸ். நல்ல கூட்டம். பாதி வழியில் பை கசிந்து சீட்டெல்லாம் நனைந்துவிட்டது. நாற்றம் தாங்காமல் ஜனங்கள் எழுந்துகொண்டார்கள், எவனோ ஒருத்தன் "எறக்கி வுடுய்யா முதல்ல" என்று கத்தினான். என் வீட்டுக்காரர் விசில் அடித்தார். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், அண்ணனை இறக்கிவிட்டு பஸ்ஸை எடுக்கச் சொன்னார். இதை அண்ணன் பெண்சாதி, என் ஓரகத்தி, அவர் சாவு வீட்டில் வைத்து என்னிடம் சொன்னாள், "அவுரு என்னா பண்ணுவாரு பாவம், டூட்டி" என்றும் சொன்னாள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தபோதும் அண்ணன் பேரை எடுக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை சிதம்பரத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டருக்கு எங்கள் மகளைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். மேசையில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாளா இப்படிப் போகுது?"

"அது வந்து டாக்டர், கள்ளிப்பழ ஜெல்லி. வீட்டுல செய்றாங்க. அது சாப்ட்டா இப்பிடித்தான்" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே வந்துமா? டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, "ஆமாம், அந்தப் பழத்துக்கு அப்படி ஆகும்தான்" என்று என்னைப் பார்த்தார். இவரும் என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் ஆயிரம் பேரை அதட்டின கண்ணு, அன்றைக்குக் கெஞ்சியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சியது.

"தவசு காலம் பூரா அவரு ஒரு வாய்கூடத் திங்கல டாக்டர். கொட்டிப் பொதச்சிட்டாரு" என்றேன்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பி, மெதுவாக, "ஐயா, இப்ப சொல்லுங்க. முதல் தடவை எப்ப பாத்தீங்க?" என்றார்.

"ஆடி மாசம்."

ஆடி என்றால்? கள்ளிப்பழ வாளி எங்கள் வீட்டுக்கு வந்தது ஆவணியில். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அழவில்லை. எனக்கு வந்தது கோபம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வேஷமா? என் விரலைப் பிடித்துக்கொண்டு வலிக்குதா வலிக்குதா என்று கேட்டதும் வேஷமா? இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அந்த நாலு மாசம். அதுவும் என்னுடையது இல்லை, ரத்தத்தை மறைக்கப் போட்ட திரை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். தெரிந்த கண்டக்டர், முன்சீட்டு கொடுத்திருந்தார். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார், பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடம் தாண்டின பிறகுதான் பதில் சொன்னார்.

"பழத்துக்காகத்தான் வந்தேன். அப்பறம் ஒன்கூட வர்றது நல்லாருந்துது. அதுக்காகவும் வந்தேன்."

நான் கையை எடுத்து அவர் கைமேல் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆபரேஷன் நடந்தது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வயிற்றைக் கிழிக்காமல், குழாயை விட்டு உள்ளேயே சுரண்டி எடுத்திருக்கலாம், பைக்கு அவசியமே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அவரை வைத்துக்கொண்டே சொன்னார். இவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு டாக்டர்மேல் கோபம் வந்தது, இதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

வலதுபக்க வயிற்றில் பை வந்துவிட்டது. முதல் மாசம் அதைத் தொடவே மாட்டேன் என்றார். நான்தான் கழற்றினேன், கழுவினேன், ஓட்டையைச் சுற்றிப் பஞ்சால் துடைத்து மாட்டினேன். பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். தன் உடம்பில் இருந்து வருவதை அவர் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் கேட்பார்.

"என்னா கலரு?"

"மஞ்சள்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு. மஞ்சள்தான்."

சிவப்பாக வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த ஆவணியில் யாரோ கள்ளிப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் வாயில் அந்தப் பழம் பட்டுவிட்டால், அப்புறம் நான் பையைப் பார்த்து எதை நம்புவது?

மார்கழி நடுவில் புயலடித்தது. எங்கள் பக்கம் ஒரு பலா, ஒரு முந்திரி மிஞ்சவில்லை, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிறம் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான். பகல் வெளிச்சம் வந்ததும் இன்னொருதடவை பார்ப்பேன். அவர் சிரித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்தடவை. மெல்ல மெல்லத் தேறினார், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டே பையைத் தானே காலி செய்யவும் பழகினார். டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள். அது அவருக்குச் சிறைவாசம். பஸ்ஸில் ஏறினால் போதும் என்று மனுப்போட்டு, அலைந்து, கடைசியில் வருகிற திங்கட்கிழமையிலிருந்து பழைய வழித்தடத்திலேயே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பையோடு பஸ்ஸில் ஏறப் பயந்து உயிரையே பணயம் வைத்த மனுஷன், அதே பையோடு, அதே பஸ்ஸில் ஏறுகிறேன் என்று கிளம்பினார். நானே காக்கிச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினேன்.

அந்தத் திங்கட்கிழமை விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. அவர் குளித்துத் தலை சீவி, பவுடர்கூடப் போட்டிருந்தார். பனியனைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"என்னா கலரு?"

நான் பார்த்தேன். பையைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி மறுபடியும் பார்த்தேன். ஒரே ஒரு நாள். இன்றைக்கு மட்டும் மஞ்சள் என்று சொன்னால் என்ன? அவர் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, விசிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அவர் எப்படி முக்கால் வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

"என்னாம்மா, கேக்குறேன்ல?"

"செவப்பு" என்றேன்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் ஒருதடவை ஏறி இறங்கியது.

"ரொம்பவா?"

"ரொம்ப இல்ல. ஆனா செவப்புதான். கெளம்புங்க, சிதம்பரம் போவலாம்."

பனியனை இறக்கிவிட்டுத் திரும்பினார். ஆணியில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையைத் தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டார். நான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன்.